மடைப்பள்ளத்துக் கல்

கண்மாயைத் தூர் வாரிய வருஷம் சித்தப்பா எனக்குப் போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம். செய்தாலும் "நல்லா இருக்கியா ஆத்தா" என்பதற்கு மேல் பேச்சு நீளாது. அன்று நலம்கூட விசாரிக்கவில்லை.

"கல்லு கெடச்சிருச்சு ஆத்தா," என்றார்.

எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல் என்றால் ஒரே கல்தான்.

"அத வீட்டுக்குள்ள கொண்டாந்துராதீக சித்தப்பா."

வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் தலை நரைக்கிற வரை வேலை பார்த்தவள் வாயிலிருந்து முதலில் வந்த வாக்கியம் இதுதான். எனக்கே எரிச்சலாக இருந்தது. படித்த படிப்பெல்லாம் காரைக்குடி ரயில் நிலையத்தோடு நின்றுவிட்டதுபோல.

"கொண்டாருவனா? மோட்டார் ரூம்புல வச்சிருக்கேன்," என்றார் சித்தப்பா.

எங்கள் ஊர் கோட்டையூருக்கும் கண்டனூருக்கும் நடுவே, பஸ் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெரிய வீடுகள் எல்லாம் அந்த இரண்டு ஊர்களிலும்தான். எங்களிடம் இருப்பது வயலும் பொட்டலும் ஒரு கண்மாயும். நான் காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பங்குனி மாதத்தில் அப்பா இறந்தார். அவரும் சித்தப்பாவும் சந்தையிலிருந்து புண்ணாக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஓட்ட, அண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வந்திருக்கிறார். அந்திக்கருக்கலில் பொட்டலைத் தாண்டும்போது மாடுகள் தறிகெட்டு ஓடின. வண்டி கண்மாய்க் கரையில் ஏறிக் குடை சாய்ந்தது. அப்பா மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டார். சித்தப்பாவுக்கு வலது கை ஒடிந்தது, அவ்வளவுதான்.

விடுதி வார்டன் என்னை எதுவும் சொல்லாமல் அனுப்பிவைத்தார். வீட்டு வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

வானத்திலிருந்து ஏதோ விழுந்தது, மாடு மிரண்டுவிட்டது என்று சித்தப்பா சொன்னார். யாரும் நம்பவில்லை. பங்குனி மாதம், குன்றக்குடியில் தொடங்கிச் சுற்றுப்பட்டி எங்கும் திருவிழா, நாளெல்லாம் அதிர்வேட்டு. அன்று அந்தியில் ஒரு பெரிய சத்தம் கேட்டதை ஊரில் யாரும் மறுக்கவில்லை. வேட்டு என்றார்கள். வேட்டுச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த மாடுகள் வேட்டுக்கு மிரளுமா என்று கேட்டார்கள். சித்தப்பாவுக்கு அந்த வயதில் சாராயப் பழக்கம் வேறு இருந்தது. பிறகு சொல்ல வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சந்தையில் குடித்துவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்தபடியே தூங்கி, அண்ணனைக் கொன்றுவிட்டு, வானத்தின்மேல் பழியைப் போடுகிறான் என்று முடிவாகிவிட்டது.

அந்த முடிவை எல்லோரையும்விட இறுகப் பிடித்துக்கொண்டவள் அம்மா. நான் ஒரே பெண், ஆண்பிள்ளை இல்லை, அதனால் கொள்ளி வைக்கும் உரிமை தம்பிக்குத்தான் வந்தது. "கொன்னவன் கையாலயா கொள்ளி?" என்று அம்மா கூடத்து நடுவில் நின்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர்கள் அவளை அடக்கினார்கள். சித்தப்பா வலது கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு இடது கையால் கொள்ளி வைத்தார்.

எங்கள் பக்கத்தில் கருமாதி வரைக்கும் இறந்தவருக்காக ஒரு கல் ஊன்றுவார்கள். ஆள் போன பிறகு அவர் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமே, அதற்காக. எண்ணெய், பால், மஞ்சள்நீர் எல்லாம் அந்தக் கல்லுக்கு. கருமாதியன்று கல்லைப் பிடுங்கிக் கண்மாய்க்குக் கொண்டுபோய், மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் போடுவார்கள். எந்தக் கோடையிலும் வற்றாத பள்ளம் அது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீச வேண்டும். வீசியபின் திரும்பிப் பார்க்காமல் வீடு வர வேண்டும். திரும்பிப் பார்த்தால் போனவர் கூடவே வந்துவிடுவார் என்பது நம்பிக்கை.

வழக்கமாக ஏதாவது ஒரு கல்லை எடுத்து ஊன்றுவார்கள். சித்தப்பா தானே ஒன்றைக் கொண்டுவந்தார். மறுநாள் மாடுகளைத் தேடிப் பொட்டலுக்குப் போனபோது கிடைத்ததாம். உரித்த தேங்காய் அளவு, தீயில் கருகியது போன்ற கறுப்பு, தூக்கினால் அளவுக்கு மீறிய கனம். 'இதுதான் விழுந்தது, இதையே அண்ணனுக்கு ஊன்றுகிறேன்' என்றார். தன் பேச்சுக்குச் சாட்சியாக ஊர் நடுவில் நிறுத்த நினைத்தாரோ என்னவோ. அம்மா அதன்மேல் காறித் துப்பாத குறை. கல் ஊன்றிய இடத்தை நாளெல்லாம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருமாதி முடிந்தபின் இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு தெருதான். அம்மா தண்ணீருக்குப் போகும் வழியைக்கூட மாற்றிக்கொண்டாள். நான் மட்டும் விடுமுறையில் வந்தால் சித்தப்பாவைப் பார்க்கப் போவேன். அம்மா தடுக்கவில்லை, திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சித்தப்பா கெட்டிக்காரரும் இல்லை, நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் சொன்னதை மாற்றவும் இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. சித்தப்பா எங்கே உட்கார்ந்தாலும் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருவார். டவுன் பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டுக்குத்தான் போவார், முன்னால் இடம் காலியாகக் கிடந்தாலும். கல்யாணப் பந்தியில் பின்வரிசை. சின்ன வயதில் நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரிப்பார், இடத்தை மட்டும் மாற்ற மாட்டார்.

போன் வந்த மாதமே லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். சித்தி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, மகன் திருப்பூரில். சித்தப்பா தனியாகத்தான் இருந்தார். இருதயம் பலவீனமாகி, வயலுக்கு நடக்கும் வழியில் நாலு தரம் நின்று மூச்சு வாங்கினார். மோட்டார் ரூமில் உரச் சாக்கை விலக்கிக் கல்லைக் காட்டினார். துரு ஏறிச் செம்பழுப்பாகியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் பழைய கறுப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான்னு எப்பிடித் தெரியும் சித்தப்பா? அந்தப் பள்ளத்துல ஊர்ல செத்தவுக எல்லாரோட கல்லும் கெடக்குமே."

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது. ஜே.சி.பி. பள்ளத்துச் சகதியை அள்ளிக் கரையில் கொட்டியதும், இவர் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அந்தச் சகதி மேட்டில் வாரக்கணக்காகத் திரிந்திருக்கிறார். ஊரார் மூதாதையரின் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் அந்தப் பக்கமே ஒதுங்கவில்லையாம்.

"தூர எறிஞ்சது எங்குட்டு விழுந்துச்சுன்னே தெரியாதே. எப்பிடித் தேடுனீக?"

"தெரியும்," என்றார். "மடைக்கு அங்குட்டு, மேக்கால விழுந்துச்சு. நான் திரும்பிப் பாத்தேன்."

மோட்டார் ஓடவில்லை. உள்ளே எண்ணெய் வாடையும் ஈரமும்.

"சாட்சின்னு இருந்தது அது ஒண்ணுதான ஆத்தா. எங்க விழுதுன்னு பாத்து வச்சுக்கிட்டாப் பின்னால எடுத்துக்கிறலாம்னு பாத்தேன். பாத்ததும் வந்துட்டாக."

"யாரு?"

"அண்ணன். முதுகுப் பக்கமா உக்காந்துக்கிட்டாக. வண்டியில உக்காந்திருந்தாகள்ல, அப்பிடியே. ஒண்ணும் செய்ய மாட்டாக, பேச மாட்டாக. சும்மா இருப்பாக. சொவரு இருந்தா இருக்க மாட்டாக."

கடைசி சீட்டு, பின்வரிசை எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கேலி செய்த ஒவ்வொரு முறையும் ஞாபகம் வந்தது.

பிறகு அவர் கேட்டதுதான் என்னைக் கலக்கிவிட்டது. "நீ இந்த மாதிரிக் கல்லத்தான சோதிக்கிற? இது விழுந்துச்சா, எப்ப விழுந்துச்சுன்னு பாத்துச் சொல்லு. ஊருக்காக இல்ல, எனக்காக. நெசமாவே பாத்தேனா, இல்ல கண்ணசந்துட்டு நானாச் சொல்லிச் சொல்லி அது நெசம் மாதிரி ஆயிருச்சான்னு எனக்கே இப்பத் தெரியல. மேல போயி அண்ணன் மூஞ்சியில முழிக்கணும். தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்."

என்ன பார்த்தீர்கள் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார்.

"எல்லாரும் சத்தத்துக்கு மாடு மெரண்டுச்சும்பாக. சத்தத்துக்கு இல்ல. நெழலுக்கு. இருட்டுற நேரம், நெழலே இல்ல. திடீர்னு பகல் கணக்கா வெளிச்சம். மாட்டுக்கடியில நெழலு. அந்த நெழலு பின்னாலருந்து முன்னுக்க ஓடுச்சு. அதப் பாத்துத்தான் ரெண்டும் பாஞ்சுச்சுக. வண்டி கவுந்து, நான் கைய ஒடிச்சுக்கிட்டு மண்ணுல கெடக்கும்போதுதான் சத்தம் வந்துச்சு."

"இத ஏன் யாருட்டயும் சொல்லல?"

"வானத்துலருந்துங்கிற வரைக்குந்தான் சொல்ல விட்டாக."

விண்கல் எரிவது மிக உயரத்தில். வெளிச்சம் உடனே வரும், சத்தம் நடந்து வர நேரம் ஆகும். பொய் சொல்பவன் சத்தத்தை முதலில் வைப்பான், ஊர் வைத்ததுபோல. இவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. ஆனால் அவர் கேட்டது என் நம்பிக்கையை அல்ல. கல் சொல்ல வேண்டும் என்றார்.

சுத்தியலால் ஓர் ஓரத்தை உடைத்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "மெதுவா ஆத்தா," என்றார். உடைந்த இடத்தில் உள்ளே சாம்பல் நிறம், அதில் பொடிப்பொடியாக உலோக மினுக்கம். எங்களிடம் சோதனைக்கு வருகிற 'விண்கற்கள்' பெரும்பாலும் பழைய இரும்புக் கசடுதான். இது அப்படியில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

முழுக் கல்லையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மதுரை விமான நிலையத்தில் பையை நிறுத்தி, இது என்ன மேடம் என்று கேட்டான் ஒருவன். அப்பா என்று சொல்லவா முடியும்? கல் என்றேன். கல்தான் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

எங்கள் வேலையைக் கண்மாயை வைத்துச் சொன்னால் எளிது. வானவெளியில் சுற்றுகிற வரையில் கல்லை அண்டக்கதிர்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அடியில் கல்லுக்குள்ளிருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் சில உடைந்து ரேடியோகார்பனாக மாறும். ஒரு பக்கம் வரத்து, இன்னொரு பக்கம் அது தானாகவே சிதைந்து கழிகிற கசிவு. இரண்டும் சமமாகி மட்டம் ஒரே அளவில் நிற்கும். கல் பூமியில் விழுந்துவிட்டால் காற்று மண்டலம் கூரையாகிவிடுகிறது, வரத்து ஏறக்குறைய நின்றுபோகிறது. அப்புறம் கசிவு மட்டும்தான். மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் வரத்து எப்போது நின்றது என்று சொல்லிவிடலாம். குன்றக்குடி மலைப் பாறையிலும்கூட, கூரையைத் தாண்டி வருகிற கொஞ்சநஞ்சக் கதிரால் இது துளித்துளியாகச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மலையேறிக் கும்பிடுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

பொடித்த கல்லை உலையில் வைத்து இரண்டு தடவை சூடாக்குவோம். முதல் சூடு குறைவு, கல் உருகாது. பூமிக்கு வந்தபின் ஒட்டிய கார்பனையெல்லாம் அது எரித்துப் போக்கிவிடும். வேர், பாசி, கை அழுக்கு எல்லாம். அந்த வாயுவை நாங்கள் அளப்பதில்லை, வெளியே விட்டுவிடுவோம். அதற்குப்பின் கல் உருகுகிற அளவுக்குச் சூடேற்றினால், வானத்தில் உண்டானது வெளியே வரும்.

எத்தனையோ கற்களுக்கு அந்த முதல் வாயுவை யோசிக்காமல் திறந்துவிட்டிருக்கிறேன். அன்று வால்வுத் திருகில் கை வைத்தவள் நின்றுவிட்டேன். கருமாதியில் சித்தப்பா இடது கையால் ஊற்றிய நல்லெண்ணெயும் பாலும் கொஞ்சமாவது அந்தக் கல்லின் கீறலுக்குள் இறங்கியிருக்கும். நாற்பது வருஷச் சகதிக்குக் கீழே அதுவும் இருந்திருக்கும். இப்போது அது இந்தக் கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பதாகத் தோன்றியது. அறையில் யாரும் இல்லை, பம்பு ஓடும் சத்தம் மட்டும்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எதற்காக நினைத்தேன் என்று தெரியவில்லை, ஆனால் திரும்பவில்லை. திருகைத் திறந்துவிட்டேன்.

மட்டம் இறங்கவே இல்லை. அளவு வந்தபோது சந்தோஷத்தில் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். பல்லாயிரம் வருஷமாக மண்ணில் கிடந்த கல் அல்ல, புதிதாக விழுந்தது. அதற்குப்பின் மெல்ல மெல்ல உட்கார்ந்தேன். ரேடியோகார்பன் பாதியாகக் கழிய ஐயாயிரத்துச் சொச்சம் வருஷம் பிடிக்கும். அதற்கு நாற்பது வருஷமும் ஒன்றுதான், நூறு நூற்றைம்பதும் ஒன்றுதான். எங்கள் அளவையின் தடுமாற்றமே அதைவிடப் பெரியது. சில வருஷங்களிலேயே கழிந்துபோகிற வேறு அணுக்களும் அந்தக் கல்லில் இருந்திருக்கும். சித்தப்பா சொன்னதை அந்த மாதமே ஒருவர் நம்பி, ஒருவர் சோதித்திருந்தால், நேற்று விழுந்தது என்று அவை கத்தியிருக்கும். யாரும் கேட்காமலே அவை தீர்ந்துபோய்விட்டன.

போனில் சொல்ல மனம் வரவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊருக்குப் போனேன். சித்தப்பா அதற்குள் படுக்கையாகிவிட்டார். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அவரும் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தார்.

"வானத்துலருந்து விழுந்ததுதான் சித்தப்பா. அதுல சந்தேகமே இல்ல. கிட்டத்துல விழுந்ததுதான்."

"அன்னைக்கின்னு சொல்லுதா?"

"அப்பிடிச் சொல்லாது. ஒங்க தாத்தா காலத்துலகூட விழுந்திருக்கலாம்னுதான் சொல்லும். எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா நாளச் சொல்லாது."

அவர் கூரையைப் பார்த்தார். "அப்ப ஏற்கெனவே பொட்டல்ல கெடந்த கல்லக்கூட நான் எடுத்துட்டு வந்திருக்கலாம்," என்றார். என் வேலைமேல் அன்று எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதே கோபத்தில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை நான் அவளிடம் எடுத்ததே இல்லை. கல் விண்கல் என்பதையும், கிட்டத்தில் விழுந்தது என்பதையும், நாளைச் சொல்ல முடியாததையும், கல் போட்டன்று அவர் திரும்பிப் பார்த்து அப்பாவை முதுகோடு கூட்டிவந்ததையும், தான் பார்த்தது நிஜமா என்று தெரியாமலே அந்த மனுஷன் சாகப்போகிறார் என்பதையும் சொன்னேன். நிழலைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர் என்னிடம் மட்டும் சொன்னது, அம்மா அதையும் இளக்காரமாகப் பேசிவிடுவாள் என்று பயந்தேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் குளித்து, வெளியூர் போகிறவள்போலச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். "வா," என்றாள். தெருவைக் கடந்து சித்தப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். நான் பின்னால் போனேன். என்ன செய்யப் போகிறாளோ என்று எனக்குப் பயம்.

சித்தப்பா அவளைப் பார்த்ததும் எழ முயன்றார். முடியவில்லை. "மதினி, வாங்க," என்று மட்டும் சொன்னார்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தம்பி," என்றாள்.

அப்பா போனபிறகு அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"அன்னைக்கி நான் கொல்லையில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். கொடியில என் சேல கெடந்துச்சு. திடீர்னு வெளிச்சம். சேலையோட நெழலு தரையில ஓடுச்சு. இந்தச் செவுத்துலருந்து அந்தச் செவுரு வரைக்கும். பயந்துபோயி நின்னேன். பெறகு சேலைய எடுத்து மடிச்சு முடிக்கவுந்தான் சத்தம் வந்துச்சு. வேட்டு இல்ல. வேட்டுச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

சித்தப்பா கண்ணைச் சிமிட்டாமல் அவளையே பார்த்தார்.

"நெழலு ஓடுச்சா மதினி?"

"ஓடுச்சு. நீங்க சொன்னது நெசம். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"ஏம் மதினி சொல்லல?" அவர் குரலில் கோபமே இல்லை. குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்.

அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை.

"எனக்கு வையறதுக்கு ஒரு ஆளு வேணும் தம்பி. காலையில எந்திரிக்கணும், வயலுக்குப் போகணும், இவளப் படிக்க வைக்கணும். ஒங்கள வஞ்சுக்கிட்டே எந்திரிச்சேன். வானந்தான் செஞ்சதுன்னா நான் யார வைவேன்? படுத்தே கெடந்திருப்பேன்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நான் படித்த படிப்புக்கு யார் முதுகில் சுமை ஏற்றப்பட்டது என்று அந்த அறையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "ஆத்தா, கட்டில இங்குட்டு இழுத்துப் போடு. நடுவுல. காத்து வரட்டும்."

இழுத்துப் போட்டேன். சுவருக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "கல்லப் போட்டுருங்க," என்றார். "அண்ணன் போகட்டும். எனக்காக இருந்தது போதும்."

பெண்பிள்ளை கல் போடுவதா என்று கேட்க ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கேட்கும் முன்பே அம்மாவும் நானும் கண்மாய்க்குப் போய்விட்டோம். மழை பெய்து, தூர் வாரிய பள்ளம் நிறைந்திருந்தது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாக வீசினேன். உடைந்த ஓரம் உள்ளங்கையைக் கீறிவிட்டது. பின்னால் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. ஆழம்தான்.

நடக்கத் தொடங்கினோம். கரையைவிட்டு இறங்கும் இடத்தில் அம்மாவின் காலடிச் சத்தம் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, திரும்பிப் பாக்கக் கூடாது," என்றேன், முன்னால் பார்த்தபடியே.

"தெரியும்டி."

அவள் திரும்பித்தான் நின்றிருந்தாள். அது அவள் குரல் வந்த திசையிலேயே தெரிந்தது.

"நான் செமக்க வேண்டியத அந்தத் தம்பி இத்தன வருசம் செமந்திருக்கு," என்றாள். "வரட்டும். நம்ம வீட்டுக்கு வரட்டும்."

வீடு வரைக்கும் அவள் எனக்குப் பின்னால்தான் வந்தாள். மெதுவாக, யாருக்கோ தோதாக நடை வைத்து வந்தாள். நான் உள்ளே போய்க் கால் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா உள்ளே வந்து நின்றிருந்தாள். கதவை மட்டும் இன்னும் சாத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.